கேஸ் அடிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், சமுதாயக் கூடத்தின் ஏ.சி. பழுது குறித்து உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம் இது. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.



இந்த ஹாலில் இப்போது பாதி ஏ.சி.தான் ஓடுகிறது. மேடைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் சௌகரியமாகவும், இந்தப் பக்கம் இருப்பவர்கள் அஜெண்டா தாளால் விசிறிக்கொண்டும் உட்கார்ந்திருக்கிறீர்கள். செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். கல்யாண மண்டபம், வங்கிக் கிளை, ஜவுளிக் கடை, மருத்துவமனை என்று பெரிய ஏ.சி.க்களின் பழுது பார்ப்பதே முப்பது வருடத்துக்கு மேல் என் பிழைப்பு. அந்த உரிமையில் ஒரு வேண்டுகோளோடு வந்திருக்கிறேன். அஜெண்டாவில் நான்காவதாக இருக்கும் 'கம்ப்ரசர் மாற்ற ஒப்புதல்' என்ற தீர்மானத்தை ஒரு வாரம் தள்ளிவையுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். நம் ஹாலுக்கு 8.5 டன் டக்ட் மெஷின் இரண்டு இருக்கின்றன. அதில் இரண்டாம் நம்பர் மெஷினின் கம்ப்ரசர் எரிந்துவிட்டது, புதிது போட வேண்டும் என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. கொடுத்தவர் பெயர் நமக்கு முக்கியமில்லை. ஆனால் இதே மெஷினுக்கு மூன்று வருடத்தில் இது இரண்டாவது கம்ப்ரசர். நடுவில் ஒவ்வொரு ஏப்ரலிலும் 'கேஸ் கம்மி, நிரப்பப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறது. மூன்று வருடப் பதிவேட்டையும் உட்கார்ந்து புரட்டினேன். எவ்வளவு கேஸ் போனது, எந்த இடத்தில் கசிந்தது, எவ்வளவு ஆம்பியர் இழுத்தது, ஒரு இடத்திலும் ஒரு எண் கூட இல்லை. போட்ட பணம்தான் எண்ணாக இருக்கிறது.

ஏ.சி.யில் இருக்கிற கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. நம் வீட்டு ஃபிரிட்ஜையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து வருடம் இரவு பகலாக ஓடுகிறது. அதற்கு வருடா வருடம் யாராவது கேஸ் அடிக்கிறோமா? அதே சுற்றுதான் இங்கேயும். மூடிய குழாய்க்குள் கேஸ் சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே இருக்கிற சூட்டை எடுத்துக்கொண்டு போய் மொட்டை மாடியில் கொட்டிவிட்டுத் திரும்பி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் ஓட்டை இருக்கிறது. ஓட்டையைப் பார்க்காமல் கேஸ் அடிப்பது, பஞ்சர் ஒட்டாமல் தினமும் காற்றடித்துக்கொண்டு வண்டி ஓட்டுகிற கதைதான்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது மந்திர வேலை இல்லை. கேஸோடு சேர்ந்து கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அது வருகிற இடத்தில் தூசி ஒட்டிக் கறுப்புப் பிசுக்காக நிற்கும். நல்ல மெக்கானிக் முதலில் டார்ச்சை அடித்து அந்தப் பிசுக்கைத்தான் தேடுவார். பிறகு சோப்பு நுரை. அதிலும் தெரியாவிட்டால் நைட்ரஜன் ஏற்றி ஒரு இரவு விட்டுவிட்டு, காலையில் கேஜ் முள் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். நம்மைப் போலக் கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. உப்புக் காற்றில் அவுட்டோர் காயிலின் ஃபின் பொடிந்து உதிரும்; குழாயும் ஊசி முனை அளவுக்கு அரித்துவிடும். காயிலின் அடிப்பக்கம் கையை வைத்துப் பார்த்தால் வெள்ளை மாவு ஒட்டும்.

இதில் காசைத் தாண்டியும் ஒரு விஷயம் இருக்கிறது. நம் மெஷினில் இருப்பது ஆர்-22. ஓசோன் படலத்தைக் கெடுக்கிற வகை. 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் உலகம் முழுவதும் படிப்படியாக ஒழித்துக்கொண்டு வருகிறார்கள். இந்தியாவும் 1992-இல் அதில் சேர்ந்தது. ஒரு கிலோ ஆர்-22 காற்றில் போனால், நூறு வருடக் கணக்கில், சுமார் 1,800 கிலோ கரியமில வாயு செய்கிற சூட்டைச் செய்யும். வருடா வருடம் நாம் காசு கொடுத்து வாங்கி வானத்தில் விட்டுக்கொண்டிருப்பது இதைத்தான்.

சரி, எல்லாம் கேஸ்தானா? இல்லை. என் அனுபவத்தில் 'கூலிங் இல்லை' என்று வந்த அழைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு கேஸ் காரணமே இல்லை. சில சமயம் மெஷினே காரணம் இல்லை.

டன் என்றால் என்ன என்று யாராவது யோசித்திருக்கிறீர்களா? மெஷினின் எடை இல்லை. ஒரு டன் ஐஸ், அதாவது 2,000 பவுண்டு, ஒரு முழு நாளில் உருகினால் எவ்வளவு சூட்டை விழுங்குமோ அந்த வேகம்தான் ஒரு டன். நம் ஊருக்கும் அந்த ஐஸுக்கும் பழைய உறவு உண்டு. மெரினாவில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அது 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டியை அடுக்கிவைக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ். இன்றைக்கும் அந்தப் பக்கத்தைப் பெரியவர்கள் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்கிறார்கள். ஐஸ் போய்விட்டது, கணக்கு மட்டும் மெஷினில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

அந்தக் கணக்கை நம் ஹாலுக்குப் போட்டுப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள் ஏறக்குறைய 120 வாட் சூட்டை விடுகிறார். 200 பேர் வந்தால் 24,000 வாட். ஒரு டன் என்பது 3,517 வாட். ஆக, விருந்தாளிகளே கிட்டத்தட்ட 7 டன்னைத் தின்றுவிடுவார்கள். மொத்தமே 17 டன்தான். மீதியில் கூரைச் சூடு, மேடை விளக்கு, பந்திக்காகத் திறந்தே வைத்திருக்கிற பின்கதவு எல்லாம் போக வேண்டும். சீமந்தத்துக்குப் போதிய கூலிங் வரவேற்புக்குப் போதாமல் போனால் உடனே மெக்கானிக்கைத் திட்டாதீர்கள். முதலில் அந்தப் பின்கதவைச் சாத்துங்கள்.

நான் வேலைக்குப் போகும்போது பையைத் திறப்பதற்கு முன்னால் வாட்ச்மேனைத் தேடிப் பேசுவது வழக்கம். எப்போது நின்றது, கரண்ட் போய் வந்த பிறகா, மழைக்கு அப்புறமா, சத்தம் மாறியதா, ஏதாவது வாடை வந்ததா. கண்ணும் காதும் உள்ள ஆள் பத்து நிமிடத்தில் சொல்வதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆகும்.

ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பகல் முழுக்க ஏ.சி. நன்றாக ஓடுகிறது. சாயங்காலம் வரவேற்பு நேரத்தில் மட்டும் கூலிங் நின்று, கம்ப்ரசர் கடகடவென்று சத்தம் போட்டு, கொஞ்ச நேரத்தில் டிரிப் ஆகிறது. 'கம்ப்ரசர் உள்ளே தேய்ந்துவிட்டது' என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வாட்ச்மேனிடம் கேட்டேன். 'சாயங்காலம் பாதி நாள் கரண்ட் இருக்காது சார், ஜெனரேட்டர்லதான் ஓடும். அப்ப லிஃப்ட்டும் வேலை செய்யாது, லிஃப்ட்காரன் தனியா வந்து பாத்துட்டுப் போனான்' என்றார். எனக்கு அங்கேயே பாதி விளங்கிவிட்டது.

மூன்று பேஸ் மின்சாரத்துக்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசை மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். நம் மெஷின்களில் இருக்கிற ஸ்க்ரோல் வகைக் கம்ப்ரசர் எதிர்ப்பக்கம் சுற்றினால் கேஸை அழுத்தாது, சத்தம்தான் போடும். இரண்டு பக்கத்துக் கேஜும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தத்தைக் காட்டும். லிஃப்ட்டில் பேஸ் வரிசையைப் பார்க்கிற ரிலே இருப்பதால் அது புத்திசாலித்தனமாக நின்றுவிடுகிறது. ஏ.சி.யில் அந்த ரிலே இல்லாததால் அது ஓடி ஓடித் தன்னைத்தானே கெடுத்துக்கொள்கிறது. ஜெனரேட்டர் சர்வீஸுக்குக் கழற்றிய ஒயரைத் திரும்பப் போடும்போது இரண்டை மாற்றிப் போட்டிருந்தார்கள். மாற்றிப் போட்ட ஒயரைத் திருப்பிப் போட ஒரு ஸ்பானர் போதும். இன்னொரு சங்கதி: உள்ளே காற்றடிக்கிற புளோயர் எதிர்ப்பக்கம் சுற்றினாலும் காற்று வரத்தான் செய்யும், அளவு மட்டும் குறைந்துவிடும். அதனால் கிரில்லில் கையை வைத்துப் பார்த்து 'காற்று வருகிறதே' என்று சொல்வதில் அர்த்தமில்லை.

நம் ஹாலிலும் விசேஷம் எல்லாம் சாயங்காலம்தான். நம் ஜெனரேட்டரையும் போன வருடம் பிரித்துச் சேர்த்தார்கள். அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் எப்படிச் சொல்வது? பார்க்க ஐந்து நிமிடம் ஆகும் என்று மட்டும் சொல்கிறேன்.

அதோடு மூன்று பேஸுக்கு நடுவே வோல்டேஜ் எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். 418, 410, 402 என்று வந்தால் சராசரி 410. அதிலிருந்து அதிகபட்ச விலகல் 8. அதாவது ஏறக்குறைய 2 சதவீதம். கேட்கச் சிறியதாக இருக்கும். ஆனால் வோல்டேஜில் 2 சதவீதம் ஏறுமாறாக இருந்தால் கரண்டில் அதைப்போலப் பல மடங்கு ஏறுமாறு வரும். ஒரு பேஸ் ஒயர் மட்டும் சுட்டுக்கொண்டே இருக்கும். கோடையில் எல்லா வீட்டு ஏ.சி.யும் ஓடும்போது எந்த பேஸில் எத்தனை வீடு என்பது இங்கேதான் வந்து நிற்கும். கான்டாக்டரின் முனை கருகியிருந்தாலும் இதே கதை. மோட்டார் மூன்று காலில் நிற்க வேண்டியது. இரண்டு காலில் நின்றால் அதிக நேரம் தாங்காது.

கரண்டுக்கு அடுத்தது காற்று. ஒரு டன்னுக்கு நிமிடத்துக்கு 400 கன அடிக் காற்று காயில் மேல் போக வேண்டும் என்பது தொழிலில் பொதுக் கணக்கு. 8.5 டன்னுக்கு 3,400. ஃபில்டரில் அழுக்கு, புளோயர் பெல்ட்டில் தளர்ச்சி, காயிலில் பஞ்சு, எது இருந்தாலும் அந்த அளவு குறையும். மேடைக்குப் பின்னால் போன தீபாவளிக்கு நாம் அழகாக ஒரு மரத் தடுப்பு வைத்தோமே, அது திரும்பிவரும் காற்றுக்கான கிரில்லின் பாதியை மூடியிருக்கிறது. நன்கொடை கொடுத்தவர் இங்கேயே இருக்கிறார், கோபித்துக்கொள்ள மாட்டார். தடுப்பை ஒரு அடி முன்னால் நகர்த்தினால் போதும்.

வெளிப்பக்கக் காற்றும் அப்படியே. ஒரு வங்கிக் கிளையில் தினமும் மதியம் இரண்டு மணி வாக்கில் மெஷின் டிரிப் ஆகும். மாலை நாலரைக்கு மேல் தானாகச் சரியாகும். மாடிக்குப் போய்ப் பார்த்தால், புதிதாகப் போட்ட தகரக் கூரை அவுட்டோர் யூனிட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது. விசிறி மேலே தள்ளுகிற சூட்டுக் காற்று கூரையில் மோதித் திரும்பவும் அதே காயிலுக்குள் போகிறது. வெளியே 38 டிகிரி என்றால் மெஷின் குடிப்பது 48 டிகிரிக் காற்று. முன்பு வந்தவர் என்ன செய்திருந்தார் தெரியுமா? டிரிப் ஆகாமல் இருக்கப் பாதுகாப்பு ஸ்விட்சை நேரடியாக இணைத்துவிட்டிருந்தார். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைத்த வைத்தியம். நம் மொட்டை மாடியில் துணி காயப்போடத் தகரக் கூரை போட்டிருக்கிறோம். இரண்டாம் நம்பர் மெஷினுக்கும் அதற்கும் இடைவெளி எவ்வளவு என்று ஒருவர் டேப் பிடித்துச் சொல்ல வேண்டும்.

கரண்டும் காற்றும் சரியென்றால் கடைசியாகத்தான் கேஸுக்கு வர வேண்டும். இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம், அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

மெக்கானிக் சக்‌ஷன் பக்கம் கேஜை மாட்டுகிறார். ஆர்-22 மெஷினில் 70 பி.எஸ்.ஐ. காட்ட வேண்டியது, 50 காட்டுகிறது. 'பாருங்க சார், கம்மி' என்கிறார். உங்களுக்கும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் 50 காட்டுவதற்கு மூன்று நான்கு காரணம் உண்டு. கேஸ் உண்மையிலேயே குறைந்திருக்கலாம். ஃபில்டர் அடைத்திருக்கலாம். டிரையரோ எக்ஸ்பான்ஷன் வால்வோ அடைத்திருக்கலாம். ஒரு கேஜ் இவற்றைப் பிரித்துச் சொல்லாது.

பிரித்துச் சொல்வது தெர்மாமீட்டர். ஆர்-22 கேஸ் 50 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் சுமார் மைனஸ் 3 டிகிரியில் கொதிக்கும். அதாவது காயிலுக்குள் மைனஸ் 3 டிகிரி. இப்போது கம்ப்ரசருக்குத் திரும்பிவருகிற குழாயைத் தொடும் தெர்மாமீட்டரால் அளக்கிறோம். குழாய் 20 டிகிரி என்றால் வித்தியாசம் 23. கேஸ் காயிலின் ஆரம்பத்திலேயே கொதித்துத் தீர்ந்து, மீதித் தூரம் சும்மா சூடேறி வருகிறது என்று அர்த்தம். காயிலுக்குப் போதிய கேஸ் வந்துசேரவில்லை. அதே 50 பி.எஸ்.ஐ.யில் குழாய் மைனஸ் 1 டிகிரி என்றால் வித்தியாசம் 2 தான். கேஸ் நிறைய வருகிறது, கொதிக்க வைக்கத்தான் காற்றின் சூடு போதவில்லை. இது ஃபில்டர் அடைப்பு அல்லது பெல்ட் கோளாறு. சாதாரணமாக இந்த வித்தியாசம் 5-லிருந்து 8 வரை இருந்தால் திருப்தி.

முதல் வகையிலும் கேஸ் குறைவா, வழியில் அடைப்பா என்று பிரிக்க வேண்டும். அதற்கு அவுட்டோரிலிருந்து கிளம்புகிற மெல்லிய குழாயை அளக்க வேண்டும். அங்கே திரவம் நன்றாகக் குளிர்ந்து தேங்கியிருந்தால் கேஸ் இருக்கிறது, வழிதான் அடைத்திருக்கிறது. குளிராமல் குமிழியோடு வந்தால் கேஸ் குறைவு.

ஃபில்டர் அடைத்த மெஷினில் கேஸை மேலும் மேலும் ஏற்றினால் என்ன ஆகும்? கேஜ் முள் ஏறும், எல்லாரும் சந்தோஷப்படுவார்கள், பில்லும் வரும். பிறகு கொதிக்காத திரவம் அப்படியே கம்ப்ரசருக்குள் போய் எண்ணெயைக் கழுவிக்கொண்டு போகும். எண்ணெய் இல்லாத பேரிங் எத்தனை நாள் ஓடும்? எதிர்ப்பக்கம், கேஸ் குறைந்த மெஷினை ஓட்டிக்கொண்டே இருந்தாலும் ஆபத்துதான். கம்ப்ரசருக்குள் இருக்கிற மோட்டாரைக் குளிர வைப்பதே திரும்பிவருகிற அந்தக் குளிர்ந்த கேஸ். அது குறைந்தால் மோட்டார் வெந்துபோகும். மூன்று ஏப்ரலில் மூன்று முறை அடித்த கேஸ் நம் கம்ப்ரசருக்கு மருந்தாக இருந்ததா விஷமாக இருந்ததா என்பதைச் சொல்ல, ஒரே ஒரு தெர்மாமீட்டர் அளவு எழுதி வைத்திருந்தால் போதும். எழுதி வைக்கவில்லை.

இனி கொட்டேஷனுக்கு வருகிறேன். கம்ப்ரசர் எரிந்தது என்று எதை வைத்துச் சொன்னார்கள்? பல கம்ப்ரசர்களுக்குள் சூடு அதிகமானால் தானாக அறுந்துகொள்கிற பாதுகாப்பு இருக்கிறது. அது திரும்பச் சேர உள்ளே ஆற வேண்டும். சில சமயம் சில மணி நேரம் ஆகும். அதற்குள் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, ஒயர் அறுந்துவிட்டது என்று உயிரோடு இருக்கிற கம்ப்ரசரைக் கழற்றிப் போன கதைகள் எங்கள் தொழிலில் ஏராளம். ஆறிய பிறகு மூன்று சுற்றுக்கும் ரெசிஸ்டன்ஸ் சமமாக இருக்கிறதா, எர்த்துக்குக் கசிகிறதா என்று மெக்கர் வைத்துப் பார்த்து, எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே எரிந்திருந்தால் கொட்டேஷனில் இன்னும் சில வரி இருந்திருக்க வேண்டும். மோட்டார் எரிந்தால் எண்ணெயில் அமிலம் சேரும். அது குழாய் முழுக்கப் பரவியிருக்கும். அதைக் கழுவாமல், டிரையர் மாற்றாமல் புதுக் கம்ப்ரசர் போட்டால், அந்த அமிலம் புதியதையும் அரிக்கும். பற்றவைக்கும்போது உள்ளே நைட்ரஜன் ஓட வேண்டும். இல்லையென்றால் குழாய்க்குள் கரி செதில் செதிலாகப் பிடித்து எக்ஸ்பான்ஷன் வால்வில் போய் அடைக்கும். பிறகு வாக்குவம் பம்ப் போட்டு 500 மைக்ரானுக்குக் கீழே கொண்டுவந்து, பம்பை நிறுத்தி, அங்கேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் கையில் இருக்கிற கொட்டேஷனில் டிரையரும் இல்லை, நைட்ரஜனும் இல்லை, வாக்குவமும் இல்லை. போன தடவைப் பில்லிலும் இல்லை. இரண்டாவது கம்ப்ரசர் ஏன் இரண்டு வருடம் தாண்டவில்லை என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்த பில்லிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. தவறென்று யாராவது எண்ணோடு காட்டினால் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கருத்துக்கு இடமில்லை. நைட்ரஜன் சிலிண்டர் கொண்டுவரவில்லை என்று சிலர் வெல்டிங் ஆக்சிஜனையே குழாயில் ஏற்றி லீக் பார்ப்பார்கள். எண்ணெயும் ஆக்சிஜனும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும். ஆள் போய்விடும். அதேபோல் மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்து பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவர் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். 'அண்ணா மேலே இருக்கார்' என்று தெரியாமல் கீழே யாரோ ஸ்விட்சைப் போடுவதுதான் நடப்பது. ஆஃப் செய்த பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும், அதையும் இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். வீட்டு ஏ.சி.க்கு வருகிற பையனைச் சன்ஷேடில் இறங்கச் சொல்கிறீர்களே, இடுப்பில் பெல்ட் இல்லாமல் இறங்க விடாதீர்கள். 'பழக்கம்தான் சார்' என்பார். எங்கள் செட்டில் அப்படிச் சொன்ன ஒரு தம்பி இன்று இல்லை. அதற்கு மேல் நான் சொல்ல விரும்பவில்லை.

கடை, கிளினிக், ஆபீஸ் வைத்திருப்பவர்கள் ஏ.எம்.சி. புதுப்பிக்கும்போது ஒரு நிபந்தனை சேருங்கள். ஒவ்வொரு வருகையிலும் மூன்று பேஸ் வோல்டேஜ், ஆம்பியர், இரண்டு கேஜ் அளவு, இரண்டு குழாயின் சூடு, உள்ளே போகிற காற்றும் வெளியே வருகிற காற்றும் எத்தனை டிகிரி என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காற்றில் 8-லிருந்து 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் பெரும்பாலும் மெஷின் நலம். முதல் மாதம் அந்த எண்கள் உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. ஆறாவது மாதம் எது நகர்ந்திருக்கிறது என்று நீங்களே விரல் வைத்துக் காட்டுவீர்கள். எழுத மறுக்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

வரும் ஞாயிறு நம் எலக்ட்ரீஷியனும் நானும் அளக்கப் போகிறோம். காலை ஒன்பது மணிக்கு இரண்டாம் நம்பர் கம்ப்ரசருக்கு மெக்கர், பிறகு நைட்ரஜன் ஏற்றி மறுநாள் வரை விடுவோம். ஓடுகிற முதல் மெஷினில் எல்லா அளவும் எடுத்து ஒப்பிட வைத்துக்கொள்வோம். மாலை ஆறு மணிக்கு ஜெனரேட்டரைப் போட்டு பேஸ் வரிசை பார்ப்போம். அப்போது லிஃப்ட்டில் யாரும் ஏற வேண்டாம், நோட்டீஸ் ஒட்டிவிடுகிறோம். எனக்குக் கூலி வேண்டாம். நைட்ரஜன் சிலிண்டர் வாடகையைப் பொருளாளர் கொடுத்தால் போதும். எண்களை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறோம், அடுத்த நாள் தீர்மானத்தைக் கொண்டுவாருங்கள், கம்ப்ரசர் வேண்டுமென்றால் நானே முதல் கையைத் தூக்குகிறேன். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் தொப்பி எடுத்துவாருங்கள், மாடியில் வெயில் அதிகம். குழந்தைகளை மட்டும் அழைத்துவர வேண்டாம். மெஷின் இருக்கிற பக்கம் கைப்பிடிச் சுவர் இடுப்பளவு கூட இல்லை.